பத்து ஃபிரிங்கியில் இரண்டு பிறை

நாளை பெருநாளா, இன்னொரு நோன்பா என்பதைத் தொலைக்காட்சி எட்டு மணிக்குச் சொல்லும். அதற்கு முன்பே பிறையைப் படம்பிடித்துத் தான் சொல்லிவிடப்போவதாக இக்மல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவித்திருந்தான். பாயான் பாரு வீட்டில் அவனுடைய உம்மா சித்தி ஹாஜரா, ரெண்டாங் கறிக்கு ஆட்டிறைச்சியைக் கழுவி வைத்துவிட்டுக் காத்திருந்தார். பெருநாள் என்றால் இப்போதே அடுப்பில் ஏற்ற வேண்டும். இல்லாத பெருநாளுக்கு ஏற்றிவிட்டாலோ, நாளை முழுக்க நோன்போடு அந்த வாசனையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்.

கைப்பேசிப் படத்தைக் குழுவில் இருக்கும் ஹைதர் மாமா ஏற்கமாட்டார். இந்தக் காலத்துக் கைப்பேசி, இல்லாத நிலவையும் தானே வரைந்து கொடுத்துவிடும் என்பது அவர் கட்சி. ஆகவே இக்மல் அலமாரியில் கிடந்த பழைய சின்ன டிஜிட்டல் கேமராவின் மூக்கில் ஒரு குழாயை மாட்டி, அதன் முனையில் டெலி கன்வெர்ட்டர் லென்ஸைத் திருகியிருந்தான். தூரத்தில் இருப்பதை இன்னும் கிட்டே இழுத்துக் காட்டும் லென்ஸ். பார்வைக்கு, சோப்பு டப்பாவில் பால் டின்னைச் சொருகியதுபோல் இருந்தது.

பத்து ஃபிரிங்கி கடற்கரையில் சூரியன் இறங்கியது. அக்கா ஷாஹிரா நீட்டிய பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தவன், கொட்டையைக்கூடத் துப்பாமல் மேற்கே குறிவைத்தான். திரையின் மூலையில் இருட்டு. அந்த இருட்டில் மெல்லிசாக ஒரு வெள்ளி வளைவு!

"அக்கா! பிறைக்கா!"

"எங்கடா? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"வெறுங்கண்ணுக்கு எப்படிலா தெரியும்? அதுக்குத்தானே இது!"

கேமராத் திரையைக் கைப்பேசியால் படம் பிடித்து அனுப்பினான். குழு கொதித்தது. உம்மாவின் குரல் பதிவு பறந்து வந்தது: "அல்ஹம்துலில்லாஹ்! அடுப்புல ஏத்திட்டேன் தம்பி!"

வெற்றிக் களிப்பில் இக்மல் கேமராவை அக்காவின் பக்கம் திருப்பினான். திரையில் ஷாஹிரா சிரித்தாள். அவள் காதோரத்தில் ஒரு பிறை. தென்னை மரத்துக்குத் திருப்பினான். பிறை. மணலில் நின்ற சவாரிக் குதிரைக்குத் திருப்பினான். வாலுக்கு மேலே, அழகாக, பிறை.

ஷாஹிரா எட்டிப் பார்த்தாள். "டேய், ஜூமை முழுசா இழுத்தியா?"

"இழுக்கணுமா?"

"லென்ஸ் டப்பாவிலேயே எழுதியிருக்குலா! இழுக்காட்டி குழாயோட சுவருதான் படத்துல விழும். அந்தக் கறுப்பு அதுதான். உன் பிறை, அதுல பட்ட வெளிச்சம்."

"அலாமக்! உம்மா அடுப்ப ஏத்திட்டாங்க!"

'முதல் படம் தப்பு. உம்மா, அடுப்பை அணைங்க' என்று ஷாஹிரா குழுவில் தட்டினாள். இக்மல் ஜூமை அதன் கடைசி எல்லை வரை இழுத்தான். இருட்டு விலகியது. ஆனால் வானம் ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. கேமராவை அக்காவின் தோளில் ஊன்றினான்.

"மூச்சு விடாதக்கா!"

"எவ்வளவு நேரம்டா?"

"பேசாதக்கா!"

ஒரு கப்பல். ஒரு மேகம். மறுபடி அதே கப்பல். பிறகு, மேகத்துக்கு ஒரு விரல் மேலே, வெட்டிப்போட்ட நகத்துண்டு ஒன்று மினுங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று இக்மல் கேமராவில் குதிரையை ஒரு முறை பார்த்தான். குதிரையிடம் பிறை இல்லை. திரும்ப வானத்துக்கு வந்தான். இருந்தது! கை ஆடாமலிருக்க டைமரில் வைத்து எடுத்தான். அடுத்த நொடி அதை மேகம் விழுங்கிவிட்டது.

படம் குழுவுக்குப் போனது. ஹைதர் மாமா கேட்டார்: "ஒரே மக்ரிப் நேரத்துக்கு எத்தனை பிறைடா?"

உம்மா முடித்தார்: "இனி டிவிக்காரரு சொல்லட்டும்."

எட்டு மணிக்கு டிவிக்காரர் சொன்னார். நாளை பெருநாள்.

கடற்கரையில் இக்மல் குதித்த குதியில் ஷாஹிராவின் செருப்பு மண்ணுக்குள் போனது. குழுவில் வந்தது உம்மாவின் குரல், பாத்திரங்கள் உருளும் ஓசையோடு:

"என் புள்ள சொன்னது உண்மைதான்! அரைவேக்காட்டுல அணைக்க வச்சிட்டியேடா படுபாவி, ஓடியா, வெங்காயம் உரிக்க ஆளில்ல!"

இக்மல் முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டியெடுத்து ஹைதர் மாமாவுக்கு அனுப்பிவைத்தான்.