நாலேகாலுக்கு அடிக்கும் போன்

கம்பெனிக்கு மொத்தம் நானூற்றுச் சொச்சம் சாவிகள். இரும்புச் சாவி இல்லை, கிளவுடில் கிடக்கும் ரகசிய எழுத்து வரிசைகள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கிறது. சாவி போனால் உள்ளே இருப்பது பூட்டியவனுக்கே குப்பைதான். இவற்றையெல்லாம் கட்டிக் காப்பவளை ஆபீஸில் சாவிக்காரி என்றே கூப்பிடுவார்கள். தொண்ணூறு நாள் யாரும் தொடாத சாவியை அவள் அழிக்கப் போடவேண்டும். ஏழு நாள் கெடு. அதற்குள் மனசு மாறினால் மீட்கலாம், அப்புறம் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

ஒரே ஒரு சாவியை மட்டும் எட்டு மாதமாக அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. உண்டாக்கியவர் என்ற இடத்தில் அவள் வீட்டுக்காரன் பெயர் இருந்தது. மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தவன். ஒரு மத்தியானம் டீ எடுக்கப் போகிறேன் என்று எழுந்தவன், அப்படியே மேஜைமேல் சாய்ந்துவிட்டான். அவ்வளவுதான், ஆள் போயாயிற்று.

அவன் மேஜை போன் மட்டும் இன்னும் தினமும் நாலேகாலுக்கு அடிக்கிறது. நான்கு தடவை அடித்து நின்றுவிடும். ஆபீஸில் அதற்கு 'நாலேகால் பேய்' என்று பெயர். சிரிப்பார்கள், ஆனால் ஒருத்தராவது எடுக்க வேண்டுமே! சாவிக்காரியோ, சரியாக அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

"எல்லாம் முடிஞ்சுது, இது ஒண்ணுதான் மிச்சம். பாத்து முடிங்கம்மா" என்று மேனேஜர் மூன்றாவது தடவை கேட்டபோது வேறு வழியில்லாமல் திறந்தாள். கடைசியாகப் பயன்படுத்தியது: அவன் செத்த அதே நாள், காலை பத்து நாற்பது.

பத்து நாற்பதுக்கு அவளும் அங்கேதானே இருந்தாள்! ஏதோ ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. அன்று அவன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது அந்தத் தேதி அவளைச் சொல்லிக்காட்டுவதுபோல் இருந்தது. 'போற அன்னிக்கும் வேலைதானா உனக்கு, பாவி மனுஷா' என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழிக்கும் பட்டனைத் தட்டினாள். வேறு சாவியாக இருந்தால் மெஷின் ரூமில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தட்டுவாள். தேதியை மட்டும் நம்பாதே என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான். இதற்கு மட்டும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் வந்தது. மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. நாலு மணிக்கு மேல் குளிரண்ணன் வந்து நின்றார். மெஷின் ரூமைப் பார்த்துக்கொள்பவர். அந்த ஏசியிலேயே கிடந்து, கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாத மனுஷர்.

"தங்கச்சி, நாளைக்குக் காலையில அந்தப் பழைய போன் மெஷினை நிறுத்திட்டுத் திரும்ப ஓட்டப்போறேன். எட்டு மாசமா ஓஞ்சு உக்காராம ஓடுது, பாவம்."

"எட்டு மாசமாவா?"

"கடைசியா ஓட்டிவிட்டது உன் வீட்டுக்காரர்தாம்மா. அன்னிக்குக் காலையில, பத்தரை தாண்டி இருக்கும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பத்து நாற்பது இதுதான். பூட்டிய டிஸ்க் உள்ள மெஷின், ஓட ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு தடவைதான் சாவியைக் கேட்கும். கதவைத் திறந்து உள்ளே போனவன் வெளியே வராமல் வீட்டிலேயே இருந்தால், அப்புறம் சாவி எதற்கு? ஆனால் நாளைக்கு நிறுத்தி ஓட்டினால் மறுபடி கேட்கும். கேட்கும்போது சாவி இருக்காது.

"அந்த டிஸ்க்ல என்னண்ணே இருக்கு?"

"என்ன இருக்கப்போகுது? போனை எடுக்கலைன்னா ஒலிக்கிறதுக்கு அவங்கவங்க பேசி வெச்ச குரல்தான். மத்தவங்க எல்லாம் புது போனுக்கு மாறிட்டாங்க. இப்ப அதுல இருக்கிறது அவர் குரல் ஒண்ணுதான். 'சீட்ல இல்ல, இதோ வந்துடுறேன்'னு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, காலி மேஜையில் போன் அடித்தது. நாலேகால்.

இந்தத் தடவை அவள் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். எதிர்முனையில் மெதுவாக ஒரு குரல்.

"அப்பா?"

அவள் பெண்தான். ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா வரும்வரை வீட்டில் தனியாக இருப்பவள். அப்பா போன பிறகு அந்தப் பேச்சையே எடுக்காதவள். குழந்தை தேறிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் மெச்சிக்கொண்டார்களே! அந்த நம்பரை அவளுக்கு மனப்பாடம் பண்ணிக்கொடுத்தவனும் அவன்தான்.

"அப்பா, நான்தாம்ப்பா."

'நான் அம்மாடி' என்று சொல்லியிருக்கலாம். ரிசீவரை வைத்துவிட்டாள். உடனே மறுபடி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நின்றது. அந்தப் பக்கம் இப்போது அவன் பேசிக்கொண்டிருப்பான்.

சாவிக்காரி தன் சீட்டுக்கு ஓடினாள். அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாகப் போட்டாள். அழிப்பதை ரத்து செய்தாள். நாலு இருபத்தாறுக்குச் சாவி பிழைத்தது. எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேயே, எல்லார் முன்னாலும் உடைந்தது. குளிரண்ணன் பக்கத்தில் நின்றார்.

வீட்டுக்கு வந்தால், பெண் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, இன்னிக்கு அப்பா போன் எடுத்தாரும்மா! பேசல. மூச்சு விடுறது மட்டும் கேட்டுச்சு. வேலையா இருந்திருப்பாரு, இல்ல?"

சாவிக்காரி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். இல்லை என்று சொல்ல எட்டு மாதம் இருந்தது. இந்த ஒரு நிமிஷத்தில் எப்படிச் சொல்வது?

"நாளைக்கும் எடுப்பாராம்மா?"

மறுநாள் நாலேகாலுக்கு அவள் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போன் அடிக்க ஆரம்பித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, நான்குவரை எண்ணினாள்.