பதினேழாம் குழாய்

என் மனைவி இறந்து ஏழு மாதம் கழித்து, அவள் வேலை பார்த்த ஆய்வகத்துக்குத் தராசுகளைச் சரிபார்க்கப் போனேன். அது என் வேலை. ஆண்டுக்கு ஒரு முறை எடைக்கற்களோடு போய், தராசு காட்டுவது உண்மையா என்று பார்த்து முத்திரை ஒட்டுவேன். அவளை முதலில் பார்த்ததும் அப்படித்தான்.

நாலாவது தராசை முடித்தபோது அவளோடு வேலை பார்த்த கடலடி வந்தான். ஆழ்கடலுக்கடியில், வெந்நீர் பீறிடும் பாறை இடுக்கில்தான் முதல் உயிர் தோன்றியது என்பது அவன் கட்சி. அதனால் அந்தப் பெயர். அவள் குட்டைக் கட்சி. கரையோரக் குட்டை வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, மறுபடி காய்ந்து, அந்தச் சேற்றில் ஒட்டிக்கொண்டதுதான் உயிரின் முதல் சங்கிலி என்பாள். மதியச் சாப்பாட்டு மேசையில் இருவரும் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் அவளைத் தங்கச்சி என்பான். அதனால் நான் மாப்பிள்ளை.

"வா மாப்ள, ஒண்ணு காட்டணும்."

ஒரு படம். குழாய்க்கு ஒன்றாகப் பதினெட்டு வரிசைகள். எல்லாவற்றிலும் அடியில் மங்கலான பூச்சு. பதினேழாவதில் மட்டும் மேலே கறுப்பாக ஒரு பட்டை.

"அவ கடைசியா பண்ணது. உறைபெட்டியில கிடந்துச்சு, போன வாரம்தான் மின்சாரத்துல ஓட்டி நீளம் பாத்தேன். மரபுப் பொருளோட தனித்தனி எழுத்துங்களைப் போட்டு, நாப்பது தடவை காய வெச்சு நனைச்சிருக்கா. மத்ததுல ஏழெட்டு எழுத்து கோத்திருக்கு. இந்த ஒண்ணுல நூத்துக்கு மேல."

"அப்படின்னா?"

"உயிர் இல்லாத சேறு, தானாவே ஒரு வாக்கியம் எழுதிருச்சுன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை கட்டுரை அனுப்புறோம். முதல் பேரு அவ பேரு."

"நீதான் குட்டையை நம்ப மாட்டியே, மச்சான்."

"இப்பவும் நம்பல. தங்கச்சி ஜெயிச்சு நான் தோத்தா என்ன, குடியா முழுகிடும்?"

அவளுடைய குறிப்பேட்டைக் கொடுத்தான். ஏன் பதினேழு மட்டும்? அது என்னை அரித்தது. கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். அவள் கையெழுத்து. "சுற்று 40. குழாய் 17: மூடியில் துளி. சரிசெய்தேன்."

அவள் எப்படிச் சரிசெய்வாள் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி, பேனா முனை, சாவித் துவாரம், தூசு விழுந்த என் கண். எதுவானாலும் ஊதுவாள். முதல் நாள் தராசுத் தட்டை ஊதினாள். "ஊதாதீங்க, மூச்சுல ஈரம் இருக்கு, எடை மாறும்" என்றேன். நான் அவளிடம் பேசிய முதல் வாக்கியம். கல்யாணத்துக்குப் பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பெயர் அச்சில் வரும். அடுத்த தராசுக்குக் கற்களை எடுத்து வைத்தேன். வைத்துவிட்டு, அந்தத் துளியை அவள் ஊதித்தான் இறக்கியிருப்பாள் என்று சொன்னேன்.

கடலடி உட்கார்ந்துவிட்டான்.

"எச்சில் பட்டிருக்கும்ங்கற."

"தெரியல. பாக்க முடியாதா?"

"எழுத்து எழுத்தா படிக்கலாம். நம்பிக்கை இல்லாம மூணு தடவை ஓட்டிட்டேன், ஒரு துளிதான் மிச்சம். படிச்சா அதுவும் காலி. ஏன் மாப்ள சொன்ன? பேசாம இருந்திருக்கலாம்ல?"

"எனக்குத் தெரியணும்."

மூன்றாம் நாள் கூப்பிட்டான்.

"மனுஷனோட எழுத்து வரிசை. அவளோடதுதானான்னு உறுதி பண்ணணும்னா, சீப்புல முடி ஏதாவது..."

"வேணாம். அவதான்."

"உயிர் எப்படி வந்துச்சுன்னு பாக்க விடாம கெடுக்கறதே உயிர்தான்னு சொல்லுவா. பாதி நேரம் கழுவுறதுலயே போகுதுன்னு திட்டுவா. கடைசியில அவளே..."

அவன் சிரித்தானா அழுதானா என்று புரியவில்லை. கட்டுரை போகாது என்றான். ஏழெட்டு எழுத்தெல்லாம் ஒரு சேதியே இல்லையாம்.

"ஆனா அந்த ஏழெட்டு, ஊதாத குழாயிலயும் இருக்கே?"

"இருக்கு."

"அது தானா வந்தது?"

"அது தானா வந்தது."

"நாப்பதுக்கு மேல போனா?"

"நூறு வரைக்கும்னு திட்டம் போட்டிருந்தா. ஒரு சுற்றுக்கு அரை நாள் ஆகும். யார் உக்காந்து பண்றது?"

சனிக்கிழமை போனேன். கடலடி இரண்டு முகக்கவசங்களை நீட்டினான்.

"ஒண்ணு போதாதா?"

"அவ புருஷனாச்சே. வீட்டுப் பழக்கம் ஒட்டிக்கிட்டிருக்கும்."

இரண்டையும் போட்டுக்கொண்டேன். மிச்சமிருந்த பதினேழு குழாய்களிலும் நீர் விட்டு, காய வைத்து, மறுபடி நீர் விட்டேன். மூன்றாவதன் மூடியில் ஒரு துளி நின்றது. குழாயை மேசையில் இரண்டு முறை தட்டினேன். இறங்கியது.

அவள் வரிக்குக் கீழே எழுதினேன்: "சுற்று 41. குழாய் 3: மூடியில் துளி. தட்டினேன்."