மறுமலர்ச்சிக்கு அப்புறம் சீர்திருத்தம்

அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் படுக்கை விரிப்பின் மேல் ஓட்டுவாள், பாதியில் நிமிர்த்தி வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவாள், தண்ணீர் குடிப்பாள், திரும்பி வருவாள். விடிந்தால் வரலாற்றுப் பரீட்சை. கல்யாணத்தோடு நின்றுபோன பள்ளிப் படிப்பைத் தனித்தேர்வராக எழுதி, மற்ற பாடங்களில் எல்லாம் தேறிவிட்டாள். வரலாறு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது.

விடுதியின் துணி அறையில், தலையணை உறைகளின் குவியல் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள் நாத்தனார். அதே விடுதியில் வரவேற்பு மேசை அவளுக்கு. வேலை முடிந்ததும் புத்தகத்தோடு வந்துவிட்டாள்.

“அண்ணி, உக்காருங்க. நீங்க நடக்கற நடைக்கு இந்நேரம் ஒரு சிலுவைப்போருக்கே போயிட்டு வந்திருக்கலாம்.”

“உக்காந்தா மறந்துபோகுது. நீ கேளு.”

“மறுமலர்ச்சி முதல்லயா, சமயச் சீர்திருத்தம் முதல்லயா?”

“சீர்… இல்ல, மறுமலர்ச்சி.”

“போன தடவை இதைத்தான் தலைகீழா எழுதிட்டு வந்தீங்க. முதல்ல கண்ணு தெறந்துச்சு, அப்புறம் வாய் தெறந்துச்சு. அவ்வளவுதான்.”

அவள் சிரித்துவிட்டாள். அதன்பின் கோவையாக வந்தது: பழைய நூல்களைத் தேடிப் பிடித்துப் படித்தது, அச்சு இயந்திரம், பாவமன்னிப்புச் சீட்டு விற்றது, ஒரு துறவி அதைத் தட்டிக் கேட்டது. வாய் சொல்லச் சொல்லக் கையும் வேகமாக ஓடியது. அப்போதுதான் போன் அடித்தது.

புருஷனுடைய முதலாளியின் மனைவி. “நாளைக்குக் காலைல விருந்தாளிங்க வர்றாங்க. எட்டு மணிக்கெல்லாம் வந்துடு.”

“சரிம்மா.”

நாத்தனார் புத்தகத்தை மூடினாள். “எதுக்குச் சரின்னீங்க?”

“தெரியல. வாய்ல வந்துடுச்சு.”

அவள் புருஷன் முதலாளிக்குக் கார் ஓட்டினான். முதலாளி வீட்டுப் பின்கட்டில் இரண்டு அறை. அதில்தான் மூன்று பேரும் இருந்தார்கள். வாடகை கிடையாது. கூப்பிட்டால் போக வேண்டும். அப்படி யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

அவர்களை அழைத்துப்போக வந்த புருஷனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவன் கதவிலேயே நின்றுவிட்டான். “பரீட்சை மறுபடி வரும். அவங்க வீட்ல குடியிருக்கோம், அதை யோசிச்சியா?”

நாத்தனார் புத்தகத்தைத் திறந்து சத்தமாகப் படித்தாள். “நிலம் பிரபுவுக்குச் சொந்தம். அதில் குடியிருந்த பண்ணையாள், பிரபு அழைத்தபோதெல்லாம் கூலியின்றி உழைத்தான்.”

“யாரைக் குத்திக் காட்டறே?”

“நான் எங்கண்ணா குத்தினேன்? நிலமானிய முறை. நிச்சயம் கேப்பாங்களாம்.”

அவன் புத்தகத்தை வாங்கி நின்றபடியே படித்தான். முகம் கறுத்தது. பக்கத்தைத் திருப்பினான், மறுபடி முன்பக்கத்துக்கே வந்தான். “இவங்க ஓடிப்போகலையா?”

“சிலர் ஓடினாங்க,” என்றாள் அவள். “சில நகரங்கள்ல ஒரு வருஷமும் ஒரு நாளும் பிடிபடாம இருந்துட்டா விடுதலை.”

அவன் மறுபடி அந்தப் பக்கத்தையே பார்த்தான். அவள் போனை எடுத்தாள்.

“அம்மா, நாளைக்கு வர முடியாதும்மா. எனக்குப் பரீட்சை.”

“இந்த வயசுல படிச்சு யாருக்கு என்ன ஆகப்போகுது?”

“எனக்குத்தாம்மா.”

“உன் இஷ்டம்,” என்ற குரலில் அவள் இஷ்டத்துக்கு இடமே இல்லை.

மறுநாள் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். தேர்வறையில் முன் வரிசையில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். வினாத்தாளைக் கையில் வாங்கியதும் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. சீர்திருத்தத்துக்கான காரணங்களைக் கேட்டிருந்தார்கள். கண்ணு, வாய் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். பேனா ஓடியது, மனசு மட்டும் பின்கட்டுக்கும் பரீட்சைத் தாளுக்கும் இடையே போய்ப் போய் வந்தது.

வீடு திரும்பியபோது முதலாளி வீட்டுச் சமையலறையில் அவள் புருஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். விருந்தாளிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அப்படியே உள்ளே புகுந்திருக்கிறான்.

“நல்ல பீங்கான் கோப்பையைப் போட்டு உடைச்சுட்டான்,” என்றாள் முதலாளியின் மனைவி. “கூப்பிட்டா வர முடியாதவங்களுக்கு அந்த இடம் எதுக்கு? இவன்கிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன்.”

அவள் வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தாள். “நீங்க என்ன சொன்னீங்க?”

“வேற வீடு பாத்துட்டுச் சாவியைக் கொடுத்துடறோம்னு சொன்னேன்.”

“உங்க வேலை?”

“கார் ஓட்டறேன்னு சொன்னேன். தட்டு கழுவறேன்னு சொல்லல. வெச்சுக்கறதும் வேணாங்கறதும் அவங்க பாடு.” குரல் திடமாகத்தான் வந்தது. ஈரக் கையை மட்டும் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வேலை போகவில்லை. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. நாத்தனார் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை இருப்பதாகச் சொல்லி முன்னால் நடந்தாள். படி செங்குத்து, குழாய் கீழே, ஜன்னலைத் திறந்தால் ஓயாத இரைச்சல்.

“இங்க எப்படித் தூங்கறது?” என்றான் அவன்.

அவள் அடுப்பை எங்கே வைக்கலாம் என்று சுவரோரமாக நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.