கடைக்குள் இருந்த சுவிட்சு

ஓசூர்க் கடைத்தெருவில் வெங்கடப்பனின் புளி மண்டிக்குப் பின்னால்தான் அவனுடைய வீடு. வீட்டுக்கென்று தனி வாசல் கிடையாது. போவதும் வருவதும் கடை வழியாகத்தான். பின்பக்கம் ஒரு முற்றம், கிணறு, ஆள் உயரத்துக்கும் மேலான மதில். சரக்கு விஷயமாகப் பெங்களூர் போகும் நாட்களில் வெங்கடப்பன் கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள கதவைக் கடைப்பக்கம் தாழிட்டு, தெருக்கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவான். உள்ளே அவன் மனைவி முனிலட்சுமியும், எழுந்து நடக்க முடியாமல் கயிற்றுக் கட்டிலில் கிடக்கும் அவன் தாய் மாரம்மாவும் இருப்பார்கள்.

"சரக்கு கெடக்குது. தொறந்து போட்டுட்டா போக முடியும்?" என்பான்.

தெருவில் யாருக்கும் இது தெரியாது. பக்கத்து வீட்டு மெஹபூப் பாஷாவின் மனைவி காத்தூன் ஒருமுறை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "நேத்து கடை பூட்டி இருந்துச்சே, எங்க போனீங்க?" என்று கேட்டாள். "பேரிகைக்கு, எங்கம்மா வூட்டுக்கு" என்று முனிலட்சுமி சொன்னாள். பிறகு கேட்டபோதெல்லாம் அதையே சொன்னாள். பூட்டிய நாட்களில் சத்தமாகத் தும்மக்கூட மாட்டாள்.

கடைத்தெருவுக்குக் கரண்ட் வந்த புதிதில், வெங்கடப்பன் பெங்களூரிலிருந்து ஒரு மீன் தொட்டி வாங்கி வந்தான். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்திய தொட்டி. உள்ளே கறுப்புக் கோடு போட்ட தட்டை மீன்கள். இந்த ஊர்க் குளிர் அவற்றுக்கு ஆகாது என்று, தண்ணீரைச் சூடாக்க ஒரு கண்ணாடிக் குழாயும் கொடுத்திருந்தார்கள். குழாய்க்குள் கம்பிச் சுருள், வாயில் ரப்பர் மூடி. அதன் ஒயர் சுவர் ஓட்டை வழியாகக் கடைக்குள் போனது. சுவிட்சும் மெயினும் கடைக்குள்தான். இரவில் போடுவான், காலையில் நிறுத்துவான். "நான் நிறுத்தனப்பறம்தான் தொட்டியில கை வெக்கணும்" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான்.

மார்கழியில் ஒரு நாள் விடியும் முன்பே பஸ்ஸுக்குக் கிளம்பினான். "தொட்டியில பாசி புடிச்சிக் கெடக்குது. தண்ணி மாத்தி வை" என்று சொல்லிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனான். சுவிட்சை நிறுத்தினானா என்று அவள் கேட்கவில்லை. தினமும் நிறுத்துகிறவன்தானே.

வெயில் ஏறியதும் ரப்பர் குழாய் வைத்துத் தண்ணீரை வாளிக்கு இறக்கினாள். பாதித் தொட்டி வற்றியது. சூடாக்கும் குழாயின் மேல்பாதி தண்ணீருக்கு வெளியே நின்றது. ஒரு கையில் ஈரத் துணியோடு கண்ணாடியைத் துடைத்தபடி, இன்னொரு கையைப் பாசி சுரண்ட உள்ளே விட்டாள். துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் குழாயின் மேல் விழுந்தது. சுர்ரென்று ஆவி எழும்பியது. டிக்கென்று குழாய் விரிசல் விட்டது.

அடுத்த நொடி தோள்வரை யாரோ உலுக்கியதுபோல் இருந்தது. பின்னால் போய் விழுந்தாள். வாளி கவிழ்ந்து, தண்ணீர் கட்டில்வரை ஓடியது.

"என்னாச்சி?" என்றாள் மாரம்மா.

"காலக் கீழ வெக்காதீங்க அத்தே. தொட்டியில கரண்ட் பாஞ்சிருக்குது."

"நிறுத்தித் தொலையேன்."

"எங்க நிறுத்தறது? சுவிட்சு கடைக்குள்ள இருக்குது."

மீன்கள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. நடுக்கதவு தொட்டியை ஒட்டியே இருந்தது. அதைத் தட்டவோ உடைக்கவோ ஈரத்தில்தான் நிற்க வேண்டும். கட்டிலுக்குப் போகவும் ஈரத்தைத் தாண்ட வேண்டும். முனிலட்சுமி மெல்லப் பின்வாங்கி முற்றத்துக்கு வந்தாள். கை இன்னும் மரத்துக் கிடந்தது.

"அத்தே, பாஷா வூட்ட கூப்பிடட்டுமா?"

"வேணாம். உள்ள வெச்சிப் பூட்டறான்னு தெரிஞ்சா என் புள்ளைய என்ன பேசுவாங்க? பொழுது சாஞ்சா வந்துடுவான்."

அவள் கிணற்றடியில் உட்கார்ந்தாள். மதிலுக்கு அப்பால் காத்தூன் மிளகாய் இடிக்கும் ஓசை கேட்டது. அவ்வளவு பக்கம். கூப்பிட்டால் இத்தனை நாள் சொன்ன பேரிகை என்னாகும் என்று நினைத்தபோது முகம் சுட்டது. கூப்பிடாவிட்டால் சாயங்காலம்வரை அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாமியார் தாகம் என்றாலும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

அப்போதுதான் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. ஒயர் சுவரேறும் இடத்தில் புகை கிளம்பியது. அந்தச் சுவருக்குப் பின்னால் சாக்குச் சாக்காகப் புளி. மாரம்மா இருமத் தொடங்கினாள்.

முனிலட்சுமி மதிலில் கைகளை ஊன்றிக் கூப்பிட்டாள். முதல்முறை குரலே எழும்பவில்லை. இரண்டாம்முறை இடிக்கும் ஓசை நின்றது.

"யாரது?"

"நான்தான் அக்கா, முனிலட்சுமி."

"நீ பேரிகை போகலயா?"

"போகல. எப்பவும் போனதில்ல. எங்கள உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போறாரு. தொட்டியில கரண்ட் பாஞ்சி ஒயரு பொகையுது. அத்த கட்டில்ல மாட்டிக்கினு இருக்கறாங்க."

அந்தப் பக்கம் உலக்கை தரையில் விழுந்தது. பிறகு காத்தூன் தன் கணவனைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

மெஹபூப் பாஷா லைன்மேன் ஆஞ்சப்பனை அழைத்து வந்தார். ஆஞ்சப்பன் கம்பத்தில் ஏறிப் பியூசைப் பிடுங்கினான். ஆனால் பூட்டுக்கு முன்னால் பாஷா தயங்கினார். "அடுத்தவன் பூட்டு" என்றார். "உள்ள மனுஷங்க இருக்கறாங்க, உடைங்க" என்றாள் காத்தூன். கடப்பாரையால் ஒரே நெம்பு.

காத்தூன் நடுக்கதவின் தாழைத் திறந்து, ஈரத்தில் நடந்து முற்றத்துக்குப் போய் முனிலட்சுமியின் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது முனிலட்சுமிக்கு.

சாயங்காலம் வெங்கடப்பன் வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். உள்ளே போய் முதலில் தொட்டியைப் பார்த்தான். பிறகு திரும்பி, "யாரக் கேட்டுப் பூட்ட உடைச்சீங்க?" என்றான்.

பாஷா தலை குனிந்துகொண்டார். ஆஞ்சப்பன்தான் பேசினான். "யாரக் கேட்டு ஆள உள்ள வெச்சிப் பூட்டனீங்க?"

வெங்கடப்பன் உடைந்த பூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுநாள் பழைய ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆஞ்சப்பனிடம் வீட்டுக்குள்ளேயே ஒரு சுவிட்சு வைக்கச் சொன்னான். முனிலட்சுமியைக் கூட்டி வந்து எப்படி நிறுத்துவது என்று பொறுமையாகக் காட்டினான். "இனிமே பயமில்ல" என்றான். புது மீன்கள் வாங்க மறுபடி பெங்களூர் கிளம்பியபோது, புதுப் பூட்டு ஒன்றைப் போட்டுப் பூட்டிக்கொண்டு போனான். முன்னதைவிடப் பெரியது.

அவனுடைய செருப்புச் சத்தம் அடங்கியதும் மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ உரசியது. ஏணி ஒன்றின் நுனி தெரிந்தது. பிறகு காத்தூனின் தலை.

"உள்ள இருக்கறியா?"

"இருக்கறன் அக்கா."

காத்தூன் இறங்கி, பாஷாவோடு சேர்ந்து ஏணியைத் தூக்கி இந்தப் பக்கம் இறக்கினாள். முனிலட்சுமி சேலையைச் செருகிக்கொண்டு ஏறி மதில்மேல் உட்கார்ந்தாள். காத்தூன் கீழிருந்து ஒரு டம்ளர் டீயை நீட்டினாள். உள்ளேயிருந்து மாரம்மா குரல் கொடுத்தாள்.

"எங்க போற?"

"எங்கயும் போகல அத்தே. மதில்மேல உக்காந்திருக்கறன்."

கட்டில் கிறீச்சிட்டது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

"அங்கேர்ந்து தெரு தெரியுதா?" என்றாள் மாரம்மா.

"சந்து வழியாக் கொஞ்சம் தெரியுது."

"யாரு போறாங்க, சொல்லு."

முனிலட்சுமி எட்டிப் பார்த்தாள். மத்திகிரிப் பண்ணை மாடுகளை ஓட்டிக்கொண்டு இரண்டு பேர் போனார்கள். ஒரு மாடு நின்று யாருடைய கூடையிலோ வாயை வைத்தது. கூடைக்காரி கன்னடத்தில் திட்டினாள். அதையெல்லாம் மாமியாருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.