பன்னிரண்டு மணிக்கு மேல்

திண்டிவனத்தில் ராஜவேலு அண்ணனின் கம்ப்யூட்டர் சென்டருக்கு கேம் ஆட வருபவர்களில் நான் ஒருத்திதான் பெண். பாண்டிச்சேரி போட்டிக்கு எங்கள் சென்டரிலிருந்து ஒருவர் போகலாம். அதற்காக எனக்கும் யாஹ்யாவுக்கும் இன்று ஃபைனல். ஆனால் போட்டிக்கு அனுப்பும் ஃபாரத்தில் அண்ணன் நேற்றே அவன் பெயரை எழுதிவிட்டார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாண்ணா, ஆடறதுக்கு முன்னாடியே எழுதிட்டீங்க?"

"எப்பவும் அவன்தான சங்கவி ஜெயிக்கிறான்? நீ ஆடு, வாணாம்னா சொன்னேன்?"

யாஹ்யா கோட்டக்குப்பத்துக்காரன். நல்லவன், கைவேகம் அதிகம். அந்த கேமில் பழைய காலத்து எல்லைக்காட்டில் குடியேறி, மரம் வெட்டி, வயல் போட்டு, கோட்டை கட்டி, எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். வயலில் விளைவதுதான் படைக்குச் சோறு, ஆனால் விளைய நேரமாகும் என்று எங்கள் ஆட்கள் யாரும் வயலைச் சீந்துவதே இல்லை. தினமும் பன்னிரண்டுக்கு டாண் என்று கரண்ட் போய்விடும். பதினொன்றுக்கு உட்கார்ந்தால் பதினொன்றரைக்குள் மொத்தப் படையையும் ஏவியாக வேண்டும். ஜல்தி ஜல்தி என்று ஆடியே பழகிய கைகள்.

இன்று அண்ணன் வாடகைக்கு ஜெனரேட்டர் வைத்திருந்தார். அது காலையிலிருந்து வாசலில் உறுமிக்கொண்டிருந்தது, எல்லோர் காதிலும்தான் விழுந்தது. ஆனாலும் யாஹ்யாவின் கை பழக்கத்தை விடாது என்று எனக்குத் தெரியும். இரண்டு சுவர் எழுப்பி, உள்ளே வயலுக்கு மேல் வயல் போட்டேன்.

"இன்னா சங்கவி, உங்க ஒலக்கூர் மாதிரி மல்லாட்டை போட்டுக்கினு கீற?" என்றான். எங்கள் ஊர் நிலக்கடலையை இழுத்ததும் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பதினொன்றரைக்கு அவனுடைய அத்தனை குதிரையும் வந்தது. முதல் சுவர் விழுந்தது. இரண்டாவது சுவரில் அவன் படை மொத்தமும் செத்தது.

பன்னிரண்டுக்குத் தெருவில் கரண்ட் போனது. எதிர் டீக்கடையில் பாட்டு நின்றது. யாஹ்யா பழக்க தோஷத்தில் மவுசை விட்டு எழுந்தே விட்டான். திரை அணையவில்லை. அவன் மறுபடி உட்கார்ந்தபோது படையும் இல்லை, புதுப் படைக்குப் போடச் சோறும் இல்லை. என் களஞ்சியம் நிரம்பியிருந்தது. அப்போதுதான் என் கோட்டைக் கதவைத் திறந்தேன். பத்தே நிமிடத்தில் முடிந்தது.

"பன்னெண்டுக்கு மேல இந்த கேம்ல இன்னா இருக்குதுன்னே நான் பார்த்ததில்ல," என்றான் யாஹ்யா.

ராஜவேலு அண்ணன் ஃபாரத்தில் அவன் பெயரை அடித்துவிட்டு, மேலே என் பெயரை எழுதப் போனார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிச்ச பேருக்கு மேல என் பேரு வாணாண்ணா. வேற ஃபாரம் வாங்கிக்கினு வாங்க."

"அதுக்குப் பாண்டி வரைக்கும் போவணுமே."

"போய்ட்டு வாங்க. ஜெனரேட்டர் ஓடிக்கினுதான கீது, நான் இங்கயே இருக்கேன்."