கன்னத்தில் விழுந்த முத்திரை

உங்கள் கன்னத்தில் எப்போதாவது அரசாங்க முத்திரை விழுந்திருக்கிறதா? எங்கள் நகராட்சி குமாஸ்தாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு விழுந்தது. மைப்பெட்டி எப்போதும் காய்ந்தே கிடக்கும் என்பதால், இருபத்திரண்டு வருடமாக அவர் முத்திரையை வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதிவிட்டுத்தான் குத்துவார். அன்றும் அப்படித்தான் குத்தினார். தாள் வெள்ளையாகவே இருந்தது. அவருடைய இடது கன்னத்தில், வட்டமாக, ஊதா நிறத்தில், தேதியோடு 'அங்கீகரிக்கப்பட்டது' என்று இருந்தது.

அந்தத் தாள், அடுத்த தெரு தையல்காரம்மாவின் வீட்டை இடிக்கச் சொல்லும் உத்தரவு. முன்னறையில் மிஷின், பின்னறையில் அவரும் மகளும். அதை விட்டால் வேறு கூரை கிடையாது. அந்த இடத்தில் அதிகாரிகளின் கார்கள் நிழலில் நிற்க வேண்டுமாம். அப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று போன வாரம்தான் சட்டம் போட்டிருந்தார்கள்.

"சட்டப்படி எல்லாம் சரியா இருக்குய்யா, இன்னொரு தடவை குத்து" என்றார் ஆணையர். குத்தினார். வலது கன்னம். "இனிமே நெத்திதான் சார் பாக்கி" என்றார் குமாஸ்தா. ஆணையர் முத்திரையைப் பிடுங்கித் தானே குத்த, அது ஆணையரின் மூக்கிலேயே விழுந்தது. நகராட்சி வக்கீல் வந்தார். உத்தரவை மூன்று மணி நேரம் படித்து, ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை என்று சொல்லி அவரும் குத்திவிட்டு, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நடுவில் ஒரு பிறப்புச் சான்றிதழில் குத்திப் பார்த்தார்கள். தாளிலேயே பளிச்சென்று விழுந்தது. சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் முகத்து மை அசையவில்லை.

சாயங்காலம், இடிக்கப் போகிற சேதி காதில் விழுந்து, தையல்காரம்மா, ஆணையர் தைக்கக் கொடுத்திருந்த சட்டையோடு வந்தார். மூக்கைப் பார்த்தார். "என்ன சார், உங்களையே அங்கீகரிச்சுட்டாங்களா?"

குமாஸ்தா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"சட்டத்துல தப்பே இல்லம்மா" என்றார் ஆணையர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"இருக்கட்டும் சார். இடிச்சப்புறம் நாங்க எங்க படுக்கிறது? அது எந்தப் பிரிவுல வருது?"

ஆணையர் சட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். அந்தப் பிரிவு இல்லை. உத்தரவை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அதே நொடி அவர் மூக்கும் குமாஸ்தாவின் இரண்டு கன்னங்களும் சுத்தமாயின. சாப்பிட்டுக்கொண்டிருந்த வக்கீலுக்கும் போய்விட்டதாக அவர் மனைவி சொன்னார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தையல்காரம்மா மிஷினில் உட்கார்ந்தார், கார்கள் வெயிலில் நின்றன, நகராட்சியில் முத்திரை மேசைக்கு எதிரே ஆணியடித்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டினார்கள்.