பதினாறு அங்குலம்

அண்ணன் மூச்சை இழுத்தபோதெல்லாம் ஹாரன் அடித்தது. ஸ்டியரிங் சக்கரத்தின் கீழ் விளிம்பை ஒட்டியிருந்த ஹாரன் பொத்தானுக்கும் அவன் வயிற்றுக்கும் இடையில் ஒரு சட்டைத் துணி மட்டும்தான் இருந்தது. வீட்டிலிருந்து கடை வரைக்கும், ஈ காக்கை இல்லாத தெருவில்கூட, ஹாரன் அடித்துக்கொண்டே வந்தோம். பக்கத்து இருக்கையில் நான் கதவைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் சமாதானம் என்று எடுத்துக்கொள்வான், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்களுக்குள் பேச்சு நின்று ஆறு மாதம் ஆகிறது. வண்டி இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார், எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. அப்பா அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். போகிற காலத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஒருத்தருக்கு எழுதியிருந்தால் இன்னொருத்தர் ஒரு வருடம் புலம்பிவிட்டு விட்டிருப்பார். ஆறு மாதத்துக்கு முன்னால் அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில் இருக்க, தண்ணீர்த் தொட்டி வளைவில் விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் மோதினான். உடைந்தவை இரண்டு. மரத்தாலான ஸ்டியரிங் சக்கரம், என் வலது தோள். சக்கரத்தின் விரிசலை என் தையல் கடையிலிருந்த தடித்த நூலால் நானேதான் இறுக்கிச் சுற்றிவைத்தேன். தோளுக்கு அந்த வைத்தியம் செல்லாது. கத்தரிக்கோல் பிடித்து அரை மணி நேரம் துணி வெட்டினால் இன்னமும் விரல் நுனி வரைக்கும் வலி இறங்குகிறது.

தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. முதலில் நாய் குறுக்கே வந்தது என்றான். அப்படி ஒரு நாயை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்றான். மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக்குக்கு ஒரு குறையும் இல்லை என்றார். நடந்தது எனக்குத் தெரியும். எனக்குப் பயம் காட்டிப் பார்க்க ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

விரிசல் விட்ட சக்கரத்தை மாற்ற நாங்கள் வந்திருந்தது பழைய கார்களுக்கான சாமான் கடைக்கு. சுவர் முழுக்க ஸ்டியரிங் சக்கரங்கள் ஆணியில் தொங்கின. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி என்று நினைத்திருப்பார் போல, கூடப்பிறந்தவர்கள் என்று தெரிந்ததும் முகத்தில் இன்னும் கவலை கூடியது.

அண்ணன் தோல் சுற்றிய ஒரு சின்னச் சக்கரத்தை எடுத்தான். பதின்மூன்று அங்குலம்.

"இதைப் போடுங்க. பழசு பதினாறு, வயித்துல இடிக்குது. இது இருந்திருந்தா அன்னைக்கே வளைச்சுத் தப்பிச்சிருப்பேன். அவகிட்ட சொல்லுங்க."

மூன்றாவது காரணம்.

"மேடம், சார் என்ன சொல்றாருன்னா..."

"கேட்டுச்சு. இந்த வண்டியில பவர் ஸ்டியரிங் கிடையாது. சக்கரம் சின்னதானா திருப்புறதுக்குக் கை பலம் அதிகமா வேணும். அது அவருக்குத் தெரியுமான்னு கேளுங்க."

"நல்லாவே தெரியும்," என்று சுவரிடம் சொன்னான் அண்ணன். "தோள் சரியில்லாதவ எதுக்கு ஓட்டணும்? எங்க போகணும்னாலும் நான் கொண்டுபோய் விடமாட்டேனா?"

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இவன் அணைப்பில் மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான். தோளை உடைத்தவனே, உடைந்த தோளைக் காட்டி வண்டியையும் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறான். அந்த நிமிடம் அவனை மனதார வெறுத்தேன். அதை மறைக்கவும் இல்லை. கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, வண்டியில் இருக்கை முதுகிலிருந்து சக்கரத்தின் விளிம்பு வரைக்கும் அளந்தேன். அவன் வயிற்றை அளக்க நாடா வேண்டாம், கண்ணே போதும்.

"சக்கரத்துல மூணு அங்குலம் குறைச்சா வயித்துப் பக்கம் கிடைக்கிறது ஒண்ணரைதான்," என்றேன் கடைக்காரரிடம். "மீதியைச் சாப்பாட்டுத் தட்டுல குறைச்சுக்கச் சொல்லுங்க."

கடைக்காரர் இதை எடுத்துச் சொல்லவில்லை. சின்னச் சக்கரத்தை மாட்டி, என்னை உட்காரச் சொன்னார். நின்ற இடத்திலேயே திருப்பிப் பார்த்தேன். கால்வாசி திரும்புவதற்குள் தோளில் யாரோ ஊசியை ஏற்றினார்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மரத்தில் புதிதாகச் செய்த ஒரு பதினாறு அங்குலத்தை மாட்டினார். முனகிக்கொண்டுதான் என்றாலும் அது திரும்பியது. அதில் அண்ணனை உட்காரச் சொன்னதும் ஹாரன் அடித்தது.

கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டையும் எடுத்துக்குங்க. நடுவுல ஒரு பூட்டு வச்சுத் தரேன். பூட்டோட வளையத்தை இழுத்தா சக்கரம் கையோட வந்துடும். அவங்கவங்க சக்கரத்தை அவங்கவங்க வீட்டுக்கே கொண்டுபோயிடலாம்."

இதற்கு யாரும் யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை. இருவரும் கடைக்காரரைப் பார்த்துத் தலையாட்டினோம். பூட்டை வைக்க ஒரு மணி நேரம் ஆனது. முடிந்ததும், "இப்ப எதை மாட்டட்டும்?" என்று கேட்டார். அண்ணி கூப்பிட்டிருந்ததால் அண்ணன் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான்.

"பெரிசு," என்றேன். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன்.

அண்ணன் சத்தம் கேட்டு வந்தான். சின்னச் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் கதவருகே நின்றான். என்னை இறங்கச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் என்னிடம் பேச வேண்டும். கடைக்காரரைத் தேடினான். அவர் எப்போதோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார், புத்திசாலி. கடைசியில் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், என் தோள் உடைந்த அந்த இருக்கையில் உட்கார்ந்தான். சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டான்.

ஆறு மாதம் கழித்து ஓட்டுகிறேன். தெரு முனையில் திருப்பும்போதே தோள் வலித்தது, ஆனால் பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி. ஹாரன் சத்தம் இல்லாமல் தெருக்கள் கடந்தன. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதனடியில் புதுக் கம்பம் நட்டிருந்தார்கள், பெயின்ட்கூட அழுக்காகவில்லை. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும். குறைக்கவில்லை.

"மெதுவா," என்றான்.

என்னிடம் நேராகப் பேசிவிட்டான்.

"அன்னைக்கு இதை நான் மூணு தடவை சொன்னேன்," என்றேன்.

பிரேக்கை மிதித்தேன். எப்போதும்போல் பிடித்தது. முழு உடம்பையும் சாய்த்துச் சக்கரத்தைத் திருப்பியபடி ஓரக்கண்ணால் பார்த்தேன். பிரேக்கே இல்லாத தரைவிரிப்பை அவன் கால் அழுத்திக்கொண்டிருந்தது. மடியிலிருந்த சின்னச் சக்கரத்தை, வளைவு போகும் பக்கமாக, இரண்டு கைகளாலும் முழுக்கத் திருப்பிப் பிடித்திருந்தான். கம்பம் பின்னால் போய்த் தெரு நேரான பிறகும் அதை அவன் நேராக்கவில்லை.